வலையை மரமாக்கும் கணிதம்: எளிமையின் பெயரால் நிகழும் தேர்வு

உயிரினங்களின் வரலாறு மரம்போல் கிளைத்து வந்தது என்ற கருத்து, 1859-இல் வெளிவந்த டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இருந்த ஒரே படம் கிளைபிரியும் வரைபடமாக அமைந்த காலந்தொட்டு உயிரியலின் அடிப்படை நம்பிக்கையாக நிலைத்து வந்திருக்கிறது. இனங்கள் பிரிந்த பின்னரும் தமக்குள் கலக்கின்றன, மரபணுக்கள் இன எல்லைகளைத் தாண்டிச் செல்கின்றன என்பதை முழு மரபணுத்தொகுதிகளின் வாசிப்பு நிறுவிய பிறகும் அந்த நம்பிக்கை கைவிடப்படவில்லை. வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. வரலாறு வலையாகவே இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு வலைக்குள்ளும் முதன்மையான மரம் ஒன்று இருக்கிறது, கலப்புகள் அந்த மரத்தின் மேல் பிற்பாடு வந்து ஒட்டிய இணைப்புகள்தாம், ஆகவே தகுந்த கணித முறையால் அவற்றை அகற்றினால் மரம் மீண்டு வரும், இழப்பென்று சொல்லத்தக்க எதுவும் நேராது என்பதே இன்று பரவலாக நிலவும் கருத்து.

இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாதபடி மூன்று வாதங்கள் அதைத் தாங்குகின்றன. பெரும்பாலான வலைகள் மரத்தோடு சில இணைப்புகள் சேர்ந்த அமைப்புகளே என்பது முதல் வாதம். மரபணுக்களில் பெரும்பான்மை எந்த மரத்தைக் காட்டுகிறதோ அதுவே இனங்களின் உண்மையான கிளைமுறை என்பது இரண்டாவது. சிக்கலான வலைகளைத் தரவிலிருந்து ஒன்றையொன்று பிரித்தறியவே முடியாத நிலையில், அறிய முடிந்த மரத்தோடு நிற்பதே அறிவியலுக்கு அழகு என்பது மூன்றாவது. இம்மூன்றும் தனித்தனியே ஓரளவு உண்மையைச் சுமந்தாலும், அவற்றிலிருந்து வருவிக்கப்படும் முடிவு தவறானது. வலையை எளிமைப்படுத்தும் முறைகளில், சொல்ல முடியாததைச் சொல்லாமல் விடும் முறைகளும் உண்டு, பல வரலாறுகளுள் ஒன்றை மட்டும் எடுத்து மற்றவற்றை அழிக்கும் முறைகளும் உண்டு. நிலவும் கருத்து இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் ஒரு தேர்வு சுருக்கமாகத் தோற்றம் கொள்கிறது.

வாதத்துக்குள் புகுமுன் கருவிகளைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவை. பரிணாம வலை என்பது வேரிலிருந்து இலைகளை நோக்கி மட்டுமே செல்லும் அம்புகளால் ஆன வரைபடம். இலைகள் இன்றுள்ள இனங்களையும், உட்கணுக்கள் மூதாதைகளையும் குறிக்கின்றன. சாதாரணக் கணு ஒன்றுக்கு ஒரே பெற்றோர் உண்டு. கலப்புக் கணுவுக்கு இரண்டு பெற்றோர் உண்டு. ஒவ்வொரு கலப்புக் கணுவிலும் ஒரு பெற்றோரை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டால் வலையிலிருந்து ஒரு மரம் கிடைக்கும். அதை அந்த வலை காட்டும் மரம் என்பர். கலப்புக் கணு ஒன்றே இருந்தால் இவ்வாறு இரண்டு மரங்கள் வரை கிடைக்கும். 10 இருந்தால் 1,024 வரையும், 20 இருந்தால் 10,48,576 வரையும் கிடைக்கும். ஆகவே ‘வலைக்குள் இருக்கும் மரம்’ என்று ஒருமையில் பேசும்போதே, எந்த மரம், யார் எடுத்த மரம் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

முதல் வாதத்துக்குக் கணித வடிவம் கொடுத்தவர்கள் ஆண்ட்ரூ ஃபிரான்சிஸும் மைக் ஸ்டீலும். 2015-இல் வெளியான அவர்களது ஆய்வு, எந்த வலைகளை இணைப்புகள் சேர்ந்த மரமாகக் கருதலாம் என்ற கேள்வியை எழுப்பி, அத்தகைய வலைகளை மரத்தளம் கொண்ட வலைகள் என வரையறுத்தது. வலையின் எல்லாக் கணுக்களையும் தொட்டுச் செல்வதும், இன்றுள்ள இனங்களைத் தவிர வேறெங்கும் முட்டி நிற்காததுமான ஒரு மரம் வலைக்குள் இருந்தால், அந்த வலை மரத்தளம் கொண்டதாகும்; அந்த மரமே அதன் தளமரம். எல்லா வலைகளும் இந்த நிபந்தனையை நிறைவு செய்வதில்லை என்பதை அந்த ஆய்வே காட்டியது. இரண்டு கலப்பினங்கள் தமக்குள் கலந்து மூன்றாவது இனத்தைத் தோற்றுவித்து, வேறு வழித்தோன்றல் எதையும் விடாமல் மறைந்துவிட்டதாகக் கொண்டால், மூன்றாவது இனத்துக்கு மரத்தில் ஒரு பெற்றோர் மட்டுமே இருக்க முடியும் என்பதால், மற்றக் கலப்பினம் முட்டுச்சந்தாக நின்றுவிடும். அங்கே தளமரம் அமைவதற்கு வழியே இல்லை.

இது கணிதத்தின் கற்பனை என்று ஒதுக்குவோருக்கு ரொட்டிக் கோதுமையின் வரலாறு விடையளிக்கிறது. 42 குரோமோசோம்கள் கொண்ட இந்தப் பயிருக்குள் ஏ, பி, டி என்ற மூன்று மரபணுத்தொகுதிகள் அடங்கியிருக்கின்றன. ஏ தொகுதியையும் பி தொகுதியையும் கொண்ட எம்மர் கோதுமை இரண்டு காட்டுப்புற்களின் கலப்பில் பிறந்தது. அது டி தொகுதியைக் கொண்ட மற்றொரு காட்டுப்புல்லோடு ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் கலந்ததால் ரொட்டிக் கோதுமை உருவாயிற்று. டி தொகுதியின் மரபுவழியே பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏ, பி மரபுவழிகள் கலந்ததால் தோன்றியது என்று 2014-இல் வெளியான ஆய்வு முன்வைத்தது. அதன் பின் வந்த ஆய்வுகள் அந்த வரலாற்றை மேலும் சிக்கலாக்கினவே தவிரக் கலப்பை மறுக்கவில்லை. இவ்வாறு பார்த்தால் ரொட்டிக் கோதுமை, கலப்பில் தோன்றிய இரண்டு மரபுவழிகளின் கலப்பு. எம்மரும் டி தொகுதியின் காட்டுப்புல்லும் இன்றும் உயிரோடிருந்து ஆய்வில் சேர்க்கப்படுவதால் மட்டுமே இந்த வலைக்குத் தளமரம் கிடைக்கிறது. 2014-ஆம் ஆண்டு ஆய்வு சொல்லும் வரலாற்றை அப்படியே ஏற்று, ஏ, பி தொகுதிகளின் காட்டுப்புற்களையும் ரொட்டிக் கோதுமையையும் மட்டும் கொண்டு வலை வரைந்தால் தளமரம் காணாமற்போகும். வரலாறு மாறவில்லை, ஆய்வாளர் திரட்டிய மாதிரிகள் மட்டுமே மாறின. எந்த இனத்தின் விதை கிடைத்தது என்பதைப் பொறுத்துத் தோன்றி மறையும் ஒரு பண்பை வரலாற்றின் அடித்தளம் என்று அழைப்பது பொருந்தாது.

தளமரம் இருக்கும் இடத்திலும் வாதம் நிற்பதில்லை. எத்தனை இனங்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றைக் கொண்டு அமைக்கக்கூடிய இருகிளை மரங்கள் அனைத்தையும் தளமரமாகக் கொள்ளும் ஒரு வலை உண்டு என்பதை மோமோகோ ஹயாமிசுவும் லூசின் ஜாங்கும் 2016-இல் தனித்தனியே நிறுவினர். 10 இனங்களுக்கு வேருள்ள இருகிளை மரங்கள் 3,44,59,425 அமையலாம். இத்தனை மரங்களும் ஒரே வலைக்குத் தளமாக இருக்க முடியும் என்றால், ஒரு வலைக்குத் தளமரம் இருக்கிறது என்ற செய்தி அந்த இனங்களின் உறவைப் பற்றித் தன்னளவில் எதையும் உறுதி செய்வதில்லை. ஃபிரான்சிஸும் ஸ்டீலும் கேட்டது, மரத்தோடு இணைப்புகள் சேர்ந்தது என விவரிக்க முடிகிற வலைகள் எவை என்பதே. அவ்வாறு விவரிக்க முடிவதாலேயே வரலாறும் அவ்வாறு நடந்தது என்று கொள்வது, அந்தக் கணிதத்தின் மேல் அதன் பயனாளர்கள் ஏற்றிய சுமை.

பெரும்பான்மையை நாடும் இரண்டாவது வாதம் கள ஆய்வாளர்களிடையே இன்னும் செல்வாக்குடையது. மரபணுத்தொகுதியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கொரு மரம் வரைந்து, மிகுதியாக வரும் மரத்தை இன மரம் என்று அறிவிப்பதே அதன் நடைமுறை. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் காம்பியே கொசுத் தொகுதியில் இந்த நடைமுறை எங்கே கொண்டுசென்று நிறுத்தும் என்பதை 2015-இல் சயன்ஸ் இதழில் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. பால்சாராக் குரோமோசோம்களின் பெரும்பகுதி, அராபியன்சிஸ் என்ற இனத்தைக் காம்பியே, கொலுசி ஆகிய இனங்களோடு சேர்த்து வைத்தது. எக்ஸ் குரோமோசோமோ அதே அராபியன்சிஸை குவாட்ரிஅனுலேட்டஸ் என்ற வேறோர் இனத்தோடு சேர்த்தது. கலப்பு நிகழும்போது இரண்டு இனங்களின் மரபணுக்கள் பிற்காலத்தில் சந்திப்பதால் அவற்றுக்கிடையேயான வேறுபாடு குறைந்து காணப்படும் என்ற தருக்கத்தைப் பின்பற்றி, பழமையான பிரிவைக் காட்டும் எக்ஸ் குரோமோசோமின் மரமே இனங்கள் கிளைத்த வரிசை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். இன எல்லையைத் தாண்டாமல் நின்றது மரபணுத்தொகுதியின் சிறு பங்கு மட்டுமே. வாக்கெண்ணிக்கையில் வென்ற மரம் கலப்பின் வரலாறாக இருந்தது. கிளைப்பின் வரலாறு தோற்ற சிறுபான்மையில் கிடந்தது.

கொசு ஒரு விதிவிலக்கு என்று வாதிடவும் இடமில்லை. கலப்பே நிகழாத நிலையிலும் பெரும்பான்மை வழிதவறலாம் என்பதை ஜேம்ஸ் டெக்னனும் நோவா ரோசன்பர்க்கும் 2006-இல் நிறுவினர். இனங்கள் மிகக் குறுகிய இடைவெளிகளில் அடுத்தடுத்துப் பிரிந்தால், மூதாதை இனத்தில் இருந்த மரபணு வகைகள் பிரிந்து முடியாமலே அடுத்த பிரிவுக்குள் நுழைந்துவிடுகின்றன. அதனால் மிகுதியாகத் தோன்றும் மரபணு மரமே இன மரத்துக்கு முரணாக அமையும் நிலை உருவாகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கவென்றே, ஒவ்வொரு முறையும் நான்கு இனங்களை மட்டும் எடுத்து வேரற்ற மரங்களை ஒப்பிட்டு இன மரத்தைக் கட்டும் முறைகள் வகுக்கப்பட்டன. இனங்களுக்கிடையே மரபணு ஓட்டம் இருந்தால் இந்த முறைகளும் பொய்க்கலாம் என்பதை கிளாடியா சோலிஸ்-லெமுஸும் செசில் அனேயும் உடனுழைத்தவரோடு 2016-இல் காட்டினர். தரவு பெருகப் பெருகப் பிழை குறைய வேண்டியிருக்க, இங்கே தரவு பெருகப் பெருகத் தவறான மரத்தின் மீதான உறுதி பெருகுகிறது.

பெரும்பான்மை மரத்தின் ஆதரவாளர்கள் இந்த இடத்தில் பின்வாங்கி மற்றொரு நிலையை எடுப்பதுண்டு: ஒரே மரம் போதாவிட்டால், வலை காட்டும் மரங்கள் அனைத்தையும் ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ளலாமே என்பர். அந்தத் தொகுப்பும் வலைக்கு ஈடாவதில்லை. ஒரு கலப்பினம் தோன்றிய பின் இரண்டு இனங்களாகப் பிரிந்தது என்று கொண்டால், வலை காட்டும் மரங்கள் அந்த இரண்டையும் எப்போதும் அருகருகே வைத்து, ஒன்றாக முதல் பெற்றோர் பக்கமோ இரண்டாம் பெற்றோர் பக்கமோ சேர்க்கும். ஆனால் ஒரு மரபணுவின் தடத்தைப் பின்னோக்கித் தொடர்ந்தால், இரண்டு இனங்களிலும் உள்ள அதன் படிகள் கலப்பு நிகழ்ந்த கணுவை எட்டும் வரை ஒன்றுசேராமல் இருந்து, ஒன்று முதல் பெற்றோர் வழியாகவும் மற்றொன்று இரண்டாம் பெற்றோர் வழியாகவும் பிரிந்து செல்லக்கூடும். அந்த மரபணுவின் மரம், வலை காட்டும் மரங்களின் தொகுப்பில் எங்குமே இருக்காது. ஜியாஃபான் ஜூ, யுன் யூ, லுவே நக்லே ஆகியோர் 2016-இல் இதைச் சுட்டிக்காட்டி, வலைக்குள் மரங்களைத் தேடும் வழக்கத்தையே மறுபரிசீலனை செய்யக் கோரினர்.

தொகுப்பைக் கையாள்வதும் எளிதன்று. தரப்பட்ட ஒரு மரத்தைத் தரப்பட்ட வலை காட்டுகிறதா என்ற கேள்வி பொதுநிலையில் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது என்பது 2008-இல் நிறுவப்பட்டது. அதாவது, எல்லா வலைகளுக்கும் விரைவாக விடை தரும் வழிமுறை எதுவும் இதுவரை அறியப்படவில்லை. சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட வலை வகைகளில் மட்டுமே இக்கேள்விக்கு விரைந்து விடை காண முடிகிறது. எளிமைக்காக மரத்தை நாடியவர், மரங்களின் தொகுப்பை ஏற்றவுடன் எளிமையையும் இழக்கிறார், முழுமையையும் அடையவில்லை.

மூன்றாவது வாதமே நேர்மையானதும் வலுவானதும் ஆகும். ஃபாபியோ பார்டியும் செலின் ஸ்கோர்னவாக்காவும் 2015-இல் காட்டியபடி, வெவ்வேறு வலைகள் அதே மரங்களை அதே கிளை நீளங்களோடு காட்டக்கூடும். அவ்வாறிருக்க, அம்மரங்களை மட்டும் சான்றாகக் கொள்ளும் எந்த முறையும் அந்த வலைகளுள் எது உண்மையானது என்று சொல்ல இயலாது. அறிய முடியாததை வரைந்து காட்டுவது அறிவியல் ஆகாது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், வலையைப் பிரித்தறிய முடியாது என்பதிலிருந்து மரத்தை அறிந்துவிட்டோம் என்பது எப்படிப் பெறப்படும்? அந்த ஆய்வாளர்கள் பரிந்துரைத்ததும் மரமன்று. பிரித்தறிய முடியாத வலைகளின் கூட்டத்துக்குப் பொதுவான ஒரு நெறிப்படுத்திய வலைவடிவத்தையே அவர்கள் முன்வைத்தனர். அறியாமையை ஒப்புக்கொள்ளும் சாட்சியும், அறியாததை ஊகித்துச் சொல்லும் சாட்சியும் நீதிமன்றத்தில் ஒரே மதிப்பைப் பெறுவதில்லை. வலையைச் சுருக்கும் முறைகளையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்.

அறியாமையை ஒப்புக்கொள்ளும் முறைகள் கணிதத்தில் இல்லாமல் இல்லை. வலையில் எந்த ஓர் இணைப்பை வெட்டினாலும் இரண்டாகப் பிரியாத பின்னல் பகுதி ஒவ்வொன்றையும் ஒரே கணுவாகச் சுருக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு மரம். அதைப் பின்னல்களின் மரம் எனலாம். அதன் கிளைகள் வலை காட்டும் எல்லா மரங்களுக்கும் பொதுவான பிரிவுகளையே குறிக்கின்றன. கலப்பு நிகழ்ந்த பகுதி பல கிளைகள் ஒரே இடத்தில் விரியும் கணுவாக நின்று, இங்கே கிளைமுறை தீர்மானிக்கப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நான்கு நான்கு இனங்களாக எடுத்து மரபணு மரங்களின் விகிதங்களைக் கணக்கிட்டு, இந்த மரத்தைத் தரவிலிருந்து அடையாளம் காண முடியும் என்பதை எலிசபெத் ஆல்மன், ஜான் ரோட்ஸ் முதலியோர் நிறுவியிருக்கின்றனர். உள்ளேயிருக்கும் பின்னல் எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் அவர்களது முடிவு பொருந்துகிறது.

ஃபிரான்சிஸ், டேனியல் ஹூசன், ஸ்டீல் ஆகியோர் 2021-இல் வெளியிட்ட நெறிப்படுத்தும் முறை வேறொரு வழியில் அதே நேர்மையைக் கடைப்பிடிக்கிறது. ஏதேனும் ஓர் இலைக்கு வேரிலிருந்து செல்லும் எல்லாப் பாதைகளும் கடந்தே தீரவேண்டிய கணுவைக் காணத்தக்க கணு என வரையறுத்து, அத்தகைய கணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றுவழி இருக்கும்போது அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் அம்புகளை நீக்கிவிட்டால், எந்த வலைக்கும் ஒரே ஒரு எளிய வடிவம் கிடைக்கிறது. அதில் கலப்புக் கணுக்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மரமாகவே முடியவேண்டும் என்ற முன்முடிவு அந்த முறைக்குள் இல்லை. யார் செய்தாலும் விடை ஒன்றே என்பதால், ஆய்வாளரின் விருப்பம் நுழைவதற்கு வாசலும் இல்லை.

இத்தகைய முறைகள் சில வேளைகளில் எல்லா இனங்களையும் ஒரே கணுவிலிருந்து விரியும் நட்சத்திரமாகச் சுருக்கிவிடுகின்றன, அதனால் பயனற்றவை என்ற எதிர்வாதம் வழக்கமாக எழுகிறது. தரவு அவ்வளவுதான் சொல்கிறது என்றால் நட்சத்திரமே ஆய்வின் முடிவு. அந்த முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகக் கூர்மையான மரம் ஒன்றை எடுத்துக்கொள்வது, விடையின் அழகைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பதாகும். 2006-இல் 191 இனங்களுக்கு 31 மரபணுக்களைக் கொண்டு வரையப்பட்ட உயிர்மரம் கூர்மையாகவே இருந்தது; அந்த மரபணுக்கள் ஒரு சராசரி நுண்ணுயிரின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 1% மட்டுமே என்று டாகனும் மார்ட்டினும் அதே ஆண்டில் சுட்டிக்காட்டினர். எஞ்சிய 99% பேச மறுத்ததைக் கூர்மை மறைத்துவிட்டது.

இந்த வேறுபாடு வரைபடத்தோடு முடிந்துவிடுவதன்று. மரத்தைப் பெறுவோர் அதை வைத்துப் பண்புகளின் தோற்றத்தைக் கணிக்கின்றனர், காலத்தை அளக்கின்றனர், இனங்களை வகைப்படுத்துகின்றனர். காம்பியே கொசுக்களிடம் இருந்த பூச்சிக்கொல்லி எதிர்ப்பு மரபணு மாற்றம் ஒன்று கலப்பின் வழியாகக் கொலுசிக்குள் நுழைந்திருப்பது அறியப்பட்ட செய்தி. கலப்பை நீக்கிய மரத்தில் அதே மாற்றத்தை வைத்துப் பார்ப்பவருக்கு, அது இரண்டு இனங்களுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது என்றோ, இரண்டிலும் தனித்தனியே தோன்றியது என்றோ மட்டுமே விளக்கம் சொல்ல முடியும். இரண்டு விளக்கங்களும் தவறு. மருந்து தோய்த்த கொசுவலைகளை நம்பியிருக்கும் பகுதிகளில், ஓர் இனத்தில் தோன்றிய எதிர்ப்பு அடுத்த இனத்துக்குத் தாவுமா என்பது உயிர்களைப் பொறுத்த கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்புவதற்கான இடத்தையே தேர்ந்தெடுத்த மரம் அழித்துவிடுகிறது. பின்னல்களின் மரமோ கலப்பு நிகழ்ந்த இடத்தைத் திறந்தே வைக்கிறது.

ஆகவே மறுக்கப்படுவது எளிமைப்படுத்தலன்று. நூற்றுக்கணக்கான இனங்களின் வரலாற்றைச் சுருக்காமல் எவராலும் படிக்க இயலாது. மரம் என்ற வடிவமும் பல இடங்களில் சரியான விடையே. வலைக்குள் மரம் ஒன்று இயல்பாகவே முதன்மையாக அமர்ந்திருக்கிறது, கணிதம் அதைத் துடைத்து வெளியே எடுக்கிறது என்ற நம்பிக்கையே மறுக்கப்படுகிறது. தளமரம் மாதிரித் தேர்வைப் பொறுத்து மறைகிறது. பெரும்பான்மை கலப்பையே கிளைப்பாகக் காட்டுகிறது. மரங்களின் தொகுப்பு வலையை விடக் குறைவாகவே அறிந்திருக்கிறது. இவற்றுள் எதைக் கொண்டு மரம் வரைந்தாலும், வரைந்தவர் ஒரு வரலாற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எந்த முறையால் தேர்ந்தெடுத்தார், எந்தக் கலப்புகளை விட்டார், விட்டவற்றில் மரபணுத்தொகுதியின் எவ்வளவு பங்கு போயிற்று என்பவற்றைப் படத்தின் அருகிலேயே அச்சிட வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. அந்தப் பொறுப்பை ஏற்க விரும்பாதவர் தீர்மானிக்கப்படாத கணுக்களைத் தீர்மானிக்கப்படாதவையாகவே காட்டும் முறையை நாட வேண்டும். இரண்டையும் தவிர்த்து வெளியிடப்படும் மரத்தை இனங்களின் வரலாறாக ஏற்க வாசகருக்குக் காரணமில்லை.